பேராசிரியர் பாவ்லாவ்

உளநூல் வகுப்பில் ஒரு நாளேனும் அமர்ந்திருந்தவர் எவரும் பாவ்லாவின் பெயரைக் கேளாதிருக்க இயலாது. மணி அடித்ததும் நாய்க்கு வாயூறிற்று என்னும் ஒரு வரியை நெட்டுருச் செய்து, தேர்விலே எழுதி, அதற்குரிய எண்களையும் பெற்று, பின்னர் அதனை அறவே மறந்துவிடுதல் நம்மிற் பலர்க்கு வழக்கமாயிற்று. நாமும் அங்ஙனம் மறந்தவர்களே. ஆயினும், அப்பெரியார் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் இடையறாது ஆராய்ந்த பொருள் மணியும் அன்று, உமிழ்நீரும் அன்று. நல்ல நிலையிலுள்ள ஒரு மூளை எத்தகைய சுமையின்கீழ் முறிகின்றது, ஒரே சுமையை ஏற்ற இரண்டனுள் ஒன்று முறிய மற்றொன்று நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் யாது, முறிந்ததை மீண்டும் நிமிர்த்த வழியுண்டா என்பனவே அவரை உறங்கவொட்டாது செய்த வினாக்கள். மனவழுத்தம் என்றும் மனச்சோர்வு என்றும் இந்நாளில் உலகமெங்கும் பேசப்படும் துன்பங்களுக்கு மூளையிலே காரணம் தேடுவோர்க்கு முதலில் வழி வெட்டிக் கொடுத்தவருள் அவர் ஒருவர். அவ்வழியை அவர் எவ்வாறு வந்தடைந்தார் என்பதை இங்கே கூற விரும்புகின்றோம். மணியைப்பற்றி ஒரு சொல் மட்டும் சொல்லிவிடுவோம்: அவர் கூடத்தில் மணியினும் மிகுதியாக ஒலித்தது, இசை பயில்வோர் காலம் கணிக்க வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம் என்னும் கருவியே. மணி மட்டும் உலகத்தார் நினைவில் எப்படியோ நிலைத்துவிட்டது.

ஐவான் பெட்ரோவிச் பாவ்லாவ் 1849-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், மாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கேயுள்ள ரியாஸான் என்னும் பழைய ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் ருஷியத் திருச்சபையின் குருவானவர். தாயாரும் ஒரு குருவானவரின் புதல்வியே. அச்சபையிலே ஊர்க்குருமார் மணம் புரிந்து இல்லறம் நடத்துவது முறையாதலின், தலைமுறை தலைமுறையாகத் திருப்பணியே அக்குடும்பத்தின் தொழிலாயிற்று. பிள்ளைகள் பலருள் ஐவான் மூத்தவர். தந்தையார் தோட்ட வேலையிற் பெருவிருப்புடையவர். எந்நூலையும் இருமுறை படித்தாலன்றிப் படித்ததாகாது என்று மகனுக்குக் கற்பித்தவர் என்பர். மண்வெட்டியையும் புத்தகத்தையும் ஒரே கையாற் பிடிக்கும் பழக்கம் மகனை எண்பது வயது கடந்தும் விடவில்லை.

சிறுவர்க்கு ஏழெட்டு வயதானபோது ஒரு விபத்து நேர்ந்தது. உயர்ந்த மேடை ஒன்றில் ஆப்பிட்பழங்களை உலரப் பரப்பிக்கொண்டிருந்தவர் கால் தவறிக் கல் தளத்தின்மீது வீழ்ந்தார். நெடுநாள் நோயுற்று மெலிந்தார். பள்ளிக்கு அனுப்புதலும் கூடாதாயிற்று. அப்போது, அருகிலுள்ள மடம் ஒன்றின் தலைவராயிருந்த அவருடைய ஞானத்தந்தையார் அவரைத் தம்மிடம் அழைத்துச் சென்று, உடற்பயிற்சி அளித்தும் நூல்களைத் தந்தும் பேணி வளர்த்தார். பதினொன்றாம் வயதிலேயே பள்ளி வாயிலை அவர் மிதித்தார். நலிந்த பிள்ளை ஒன்று பொறுமையான கவனிப்பினால் நலம் பெறுதலை அவர் முதன்முதற் கண்டது தம் உடம்பிலேயேயாம்.

மரபுக்கேற்ப அவர் ரியாஸான் வேதசாஸ்திரக் கலாசாலையிற் சேர்ந்தார். ஆசிரியர் சிலர் அன்பும் புலமையும் மிக்கவர் என்று அவர் முதுமையிலும் நன்றியோடு நினைத்ததுண்டு. ஆனால் அக்காலம் ருஷியாவிலே புதிய கருத்துகள் வெள்ளமெனப் புகுந்த காலம். ஸெச்செனாவ் என்னும் உடலியல் அறிஞர் 1863-ஆம் ஆண்டில் மூளையின் அனிச்சைச் செயல்களைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். நினைவு, எண்ணம் என்று நாம் வழங்குவனவெல்லாம் நரம்பின் வினைகளே என்று துணிந்து கூறிய அந்நூலை அரசாங்கத் தணிக்கையாளர் அடக்க முயன்றனர். அடக்க முயன்றதே போதாதா? இளைஞர் அதனை ஆவலோடு தேடிப் படித்தனர். பாவ்லாவும் படித்தார், படித்தபின் குருப்பட்டத்தை விரும்பவில்லை. 1870-ஆம் ஆண்டிற் படிப்பை முடிக்குமுன்னரே கலாசாலையை விட்டு நீங்கி, தலைநகராகிய ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் இயற்கை நூல் பயிலச் சென்றார்.

அங்கே ஸியான் என்னும் பேராசிரியர் அவருக்கு உடலியலிலே பேரார்வத்தை ஊட்டினார். பாவ்லாவ் இயல்பாக இடக்கை வழக்கமுடையவர். இரு கைகளாலும் கத்தியைத் திறம்பட ஆளக்கூடியவர். மாணவராயிருக்கையிலேயே கணையத்தின் நரம்புகளைப்பற்றி ஆராய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் அவ்வாசிரியர் பகைமையினால் வேலையினின்று விலக்கப்படவே, அவருக்குப்பின் வந்தவரிடம் துணையாசிரியராக இருக்க மாட்டேனென்று பாவ்லாவ் கிடைத்த வேலையைக் கைவிட்டார். வறுமையில் இருப்பவன் செய்யத் துணியாத செயல் அது. அவர் வாழ்க்கையில் இத்தகைய செயல்கள் மேலும் வருதலைக் காண்போம்.

1881-ஆம் ஆண்டில் ஸெராபீமா என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் ஆழ்ந்த பக்தியுடையவர். பணம் என்னும் பொருளைப்பற்றிக் கணவர் யாதும் அறியாதவர் என்பதையும் விரைவில் அறிந்துகொண்டார். தலைப்பிள்ளை குழவிப் பருவத்திலேயே இறந்தது. வீடு நடத்த வழியின்றித் தம்பதிகள் சிறிது காலம் பிரிந்தும் வாழ நேர்ந்தது. அவர் நிலைகண்டு இரங்கிய உடனுழைப்போர் சிலர், இதயத்தின் நரம்புகளைப்பற்றித் தமக்குச் சொற்பொழிவுகள் ஆற்றவேண்டுமென்று கேட்டு, அதற்கு ஊதியம்போல ஒரு தொகையைத் திரட்டிக் கொடுத்தனர். அவரோ அத்தொகை முழுவதையும் சொற்பொழிவிற்கு வேண்டிய நாய்களை வாங்குவதிற் செலவிட்டார். வீட்டிற்கு ஒரு காசும் போகவில்லை. அவ்வம்மையார் இதற்கு என்ன சொன்னார் என்று நாம் ஊகித்துக்கொள்வதே நலம்.

நாற்பதாம் வயது வரையில் இந்த இடர் நீங்கவில்லை. 1890-ஆம் ஆண்டில் இராணுவ மருத்துவக் கலாசாலையிற் பேராசிரியராகவும், அடுத்த ஆண்டில் புதிதாக நிறுவப்பெற்ற பரிசோதனை மருத்துவ நிலையத்தில் உடலியற் பகுதியின் தலைவராகவும் அமர்ந்தார். அதன்பின் அவர் செய்த சீரணச் சுரப்பிகளின் ஆராய்ச்சி விரித்துரைக்கத்தக்கதே. எனினும் இங்கே சுருக்குவோம். அதுகாறும் உடலியலார் விலங்கை அறுத்து, அது குற்றுயிராய்த் துடிக்கும் சில நாழிகைக்குள் கண்டதை எழுதி வந்தனர். பாவ்லாவ், மனிதருக்குச் செய்வதுபோலவே துப்புரவான முறையில் நாய்க்கு அறுவை செய்து, அது குணமடைந்து பல்லாண்டு வாழும் நிலையில், அதன் இரைப்பை நீரையும் உமிழ்நீரையும் துளித்துளியாக அளந்தார். 1904-ஆம் ஆண்டு அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. ருஷியர் ஒருவர் அப்பரிசு பெற்றது அதுவே முதன்முறை.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று குறிக்கத்தக்கது. கணையத்தைச் சுரக்கச் செய்வது நரம்பே என்று பாவ்லாவ் நிறுவியிருந்தார். 1902-ஆம் ஆண்டில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், குடலில் உண்டாகும் ஒரு பொருள் குருதிவழிச் சென்றே கணையத்தைத் தூண்டுகின்றது என்றனர். பாவ்லாவ் அப்பரிசோதனையைத் தம் கண்முன்னே செய்துகாட்டச் சொன்னார். அது பலித்துவிட்டது. ஒன்றும் பேசாமல் தம் அறைக்குட் சென்றவர் சிறிது நேரங் கழித்து வெளியே வந்து, அவர்கள் கூறியதே சரி, உண்மையைக் கண்டறியும் உரிமை நமக்கு மட்டும் உரியதன்று என்று ஒப்புக்கொண்டார் என்று மாணாக்கர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த அறைக்குள்ளே கழிந்த நேரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை, தம் கொள்கை தவறென்று கண்டவர் மட்டுமே அறிவர்.

சீரண ஆராய்ச்சியிலிருந்தே அடுத்த ஆராய்ச்சி முளைத்தது. உணவு வாயிற் படுமுன்னரே, பாத்திரத்தைக் கண்ட மாத்திரத்தில், உணவு கொண்டுவருவோன் காலடி ஓசை கேட்ட அளவில், நாய்க்கு உமிழ்நீர் பெருகிற்று. இதனை முன்னோரும் கண்டதுண்டு. நாய் நினைக்கின்றது, நாய் ஆசைப்படுகின்றது என்று கூறி அவர்கள் அமைந்தனர். பாவ்லாவ் அத்தகைய சொற்களைத் தம் கூடத்தில் ஆளக்கூடாதென்று விலக்கினார். நாயின் உள்ளத்தினுள்ளே நுழைந்து பார்த்தவர் யார்? பார்க்கக்கூடியது உமிழ்நீரின் துளி, எண்ணக்கூடியதும் அதுவே. ஓசையோடு உணவும் பலமுறை சேர்ந்து வருமெனின், ஓசை தனித்து வந்தவழியும் நீர் சுரக்கும். உணவின்றி ஓசை மட்டும் பலமுறை வருமெனின் அச்சுரப்பு ஒடுங்கும். பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயலினின்றும் வேறுபடுத்தி, குறித்த நிபந்தனையால் உண்டாகும் இதனை நிபந்தனை அனிச்சை என்று பெயரிட்டார். 1903-ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டிலே இக்கருத்தை முதன்முதல் உலகோர்க்கு உரைத்தார். தெருவோசையும் பிறர் மூச்சும் நாயின் கவனத்தைக் கலைப்பதைக் கண்டு, தடித்த சுவர்களும் ஓசை புகாத அறைகளும் கொண்ட தனிக் கட்டிடம் ஒன்றை எழுப்புவித்தார். மௌனக் கோபுரம் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று.

மூளையின் மேற்பகுதியில் இரு வினைகள் ஓயாது நிகழ்கின்றன என்பது அவர் கொள்கை. ஒன்று கிளர்ச்சி, மற்றொன்று அடக்கம். செய் என்பது கிளர்ச்சி, செய்யாதே என்பது அடக்கம். அடக்கம் என்பது வெறும் ஓய்வு அன்று. அதுவும் ஓர் உழைப்பே, அதற்கும் வலிமை வேண்டும். நாம் சொல்ல வந்த பொருளுக்கு இக்கருத்தே திறவுகோல்.

1914-ஆம் ஆண்டில் அவர் கூடத்திலே ஷெங்கர்-கிரெஸ்டாவ்னிக்கோவா என்னும் பெண்மணி ஒரு நாயை ஆராய்ந்துகொண்டிருந்தார். திரையில் வட்டம் தோன்றினால் உணவு உண்டு. நீள்வட்டம் தோன்றினால் உணவு இல்லை. நீளம் அகலத்தைப்போல் இருமடங்கான நீள்வட்டத்தை நாய் எளிதில் அறிந்துகொண்டது. பின்னர் அந்நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒக்கச் செய்துகொண்டே வந்தனர். ஒன்பதுக்கு எட்டு என்னும் அளவிற்கு வந்தபோது, நாய் ஓரளவு பிரித்தறிந்தது. ஆனால் அந்தத் திறமை வளரவில்லை. மூன்று வாரம் அவ்வாறே முயன்றனர். திடீரென்று எல்லாம் குலைந்தது. அதுவரை அமைதியாய் நின்ற நாய் ஊளையிட்டது, துள்ளித் திமிறிற்று, உடலிற் கட்டியிருந்த கருவிகளைப் பற்களாற் பிய்த்தெறிந்தது, பரிசோதனை அறைக்குட் செல்லும்போதே குரைத்தது. வியப்பு யாதெனில், முன்னர் எளிதாக அறிந்திருந்த பழைய நீள்வட்டத்தையும் அதனாற் பிரித்தறியக் கூடவில்லை. கற்ற பாடமனைத்தும் அழிந்துபோயின. முதலிலிருந்து மெல்ல மெல்ல மீண்டும் கற்பிக்க நேர்ந்தது.

இதனை நேயர்கள் சிறிது நின்று நோக்கவேண்டும். அந்நாயை எவரும் அடிக்கவில்லை. பட்டினி போடவும் இல்லை. இரண்டு வடிவங்களைக் காட்டினர், அவ்வளவே. செய் என்பதும் செய்யாதே என்பதும் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கி, எது எதுவென்று தெரியாத இடத்திலே அம்மூளை சிக்கிக்கொண்டது. இரு வினைகளும் ஒன்றோடொன்று மோதிய அவ்விடத்தில் முறிவு நேர்ந்தது. இத்தகைய முறிவிற்குச் சோதனை நரம்புநோய் என்று பெயராயிற்று.

இதற்கு இரண்டாண்டு முன்னர் யெராஃபீவா என்னும் மற்றொரு பெண்மணி செய்த பரிசோதனை இதனினும் விந்தையானது. நாயின் தோலில் ஓரிடத்தில் மின்சாரம் பாய்ச்சி உடனே உணவு தந்தார். நாளடைவில் அந்நாய், வலிமையான மின்சாரம் பாய்ந்தபோதும் அலறாமல், மூச்சும் நாடியும் மாறாமல், உணவு வரும் திசை நோக்கி வாயூறி நின்றது. துன்பமே உணவின் அடையாளமாயிற்று. இதனைக் கண்ட ஆங்கிலப் பேரறிஞர் ஷெர்ரிங்டன், இரத்தசாட்சிகளின் மனநிலை தமக்கு இப்போது விளங்குகின்றது என்று கூறியதாகச் சொல்வர். அவ்வுரையை நாம் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவுமில்லை. அந்த மின்சாரத்தைத் தோலின் ஓரிடத்தினின்று பல இடங்களுக்கு மாற்றிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் நாயின் பொறுமை முழுவதும் ஒரே நொடியில் உடைந்தது. பின்பு மிக மெல்லிய மின்சாரத்துக்கும் அது வெறிகொண்டு போராடிற்று. நெடுங்காலம் அமைதியாகத் தாங்கியவர் அற்பக் காரணத்தால் நொறுங்கிப்போவதை ஊரிற் கண்டிருக்கிறோம். காரணம் அற்பமன்று, முன்னே தாங்கியதே காரணம் என்பது அந்நாயினிடத்துத் தெளிவாயிற்று.

இவ்வாராய்ச்சிகள் வேரூன்றும் பொழுதிலே உலகப்போர் மூண்டது. பின் 1917-ஆம் ஆண்டுப் புரட்சி வந்தது. பெட்ரோகிராட் எனப் பெயர் மாறியிருந்த அந்நகரிற் பஞ்சமும் குளிரும் கொடுமை செய்தன. நோபெற் பரிசுத் தொகை அழிந்தது. கூடத்து நாய்கள் பட்டினியால் மாண்டன. விறகின்றி உறைந்த அறைகளில், மேலங்கியும் மயிர்த்தொப்பியும் அணிந்தபடியே அவர் வேலை பார்த்தார்; எழுபது வயதில் நிலையத்தின் தோட்டத்திலே தம் கையாற் கொத்திக் காய்கறி பயிரிட்டுக் குடும்பத்தைக் காத்தார். மகன் விக்டர் 1919-ஆம் ஆண்டில் இறந்தார். 1920-இல், நாட்டைவிட்டு வெளியேறி வேறிடத்தில் ஆராய்ச்சி நடத்த விடைதருமாறு அரசாங்கத்தாருக்கு எழுதினார். இத்தகையவரை இழக்க விரும்பாத லெனின், 1921 ஜனவரியில், அவர் ஆராய்ச்சிக்கும் வாழ்க்கைக்கும் வேண்டிய யாவும் செய்துகொடுக்குமாறு தனி ஆணை பிறப்பித்தார்.

ஆணையினால் வாய் அடைபடவில்லை. புதிய ஆட்சியை அவர் வகுப்பறையிலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். 1924-ஆம் ஆண்டை ஒட்டிக் குருமார் புதல்வர்களை மருத்துவக் கலாசாலையினின்று வெளியேற்றத் தொடங்கியபோது, நானும் ஒரு குருவின் மகனே, அவர்களை நீக்குவதாயின் என்னையும் நீக்குங்கள் என்னும் கருத்துப்பட உரைத்து, முப்பதாண்டுக்கு மேலாகத் தாம் பணிபுரிந்த அக்கலாசாலைப் பதவியை விட்டு விலகினார். இளமையிலேயே இறைநம்பிக்கையை இழந்துவிட்டவர் அவர். அதனை மறைத்தவரும் அல்லர். எனினும் நம்பிக்கையுடைய தம் மனைவியாரையும், துன்புறுத்தப்பட்ட திருச்சபையையும் மதித்தார். தமக்கு இல்லாத நம்பிக்கையின்பொருட்டுப் பிறர் துன்புறலாகாது என்று பதவியை உதறியவரை நம் போன்ற கல்லூரியினர் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். 1934-ஆம் ஆண்டு டிசம்பரில், நாடெங்கும் மக்கள் சிறைப்படுத்தப்பட்டும் கொல்லப்பட்டும் வந்த காலத்தில், அக்கொடுமையைக் கண்டித்து அரசாங்கத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓயாத அச்சத்தில் வாழும் மனிதரின் இயல்பு எவ்வாறு சிதையும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லையன்றோ! மறு ஆண்டு அவர் மனம் சற்று இளகி, அறிவியலுக்கு அவ்வரசு செய்த பேருதவியை மாநாட்டிலே பாராட்டியதும் உண்மை. இரண்டையும் சொல்வதே முறை.

அப்பதவியைத் துறந்த நாட்களிலேயே மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், லெனின்கிராட் என்று அவ்வாண்டிற் பெயர் பெற்ற அந்நகரிலே நேவா ஆறு ஏறக்குறைய 3.8 மீட்டர் உயர்ந்து பெருகிற்று. நாய்க் கூண்டுகளுள் நீர் புகுந்தது. காப்பாற்றச் சென்றவர் அவற்றை வெளியே கொணர்தற்கு, கூண்டின் வாயில் தாழ்ந்திருந்தமையால், நாய்களின் தலையை நீருக்குள் அமிழ்த்தியே இழுக்க வேண்டியதாயிற்று. பின் புயலின் இரைச்சலிடையே அவற்றை நீந்தச் செய்து பெரிய கட்டிடத்திற் சேர்த்தனர். வழக்கமாக ஒன்றையொன்று கடிக்கும் நாய்கள் அன்று ஒன்றோடொன்று ஒடுங்கி நின்றன.

வெள்ளம் வடிந்தது, நாய்கள் உண்டன, உறங்கின. ஆயினும் சிலவற்றினிடம் பல மாதங்களாகப் பயிற்றிய நிபந்தனை அனிச்சைகள் காணப்படவில்லை. ஸ்பெரான்ஸ்கி என்னும் துணைவர் அவற்றுள் ஒன்றை ஆராய்ந்தார். ஆராய்ச்சியாளர் வெளியே இருக்க நாய் அறையில் தனித்திருப்பதே அக்கூடத்து முறை. அம்முறையை மாற்றி அவர் நாயினருகே தாமும் உடனிருந்தபோது, மறைந்துபோன அனிச்சைகள் திரும்பத் தலைகாட்டின. அவர் விலகியதும் அவை மீண்டும் ஒளித்தன. வாரக்கணக்கில் பொறுமையோடு பழக்கியபின் நாய் தேறிற்று. அதன் பின்னர், கதவின் கீழே அறைக்குள் சிறிது நீரை மெல்ல ஒழுகவிட்டனர். நாய் திடுக்கிட்டெழுந்து நடுங்கிற்று. தேறியதெல்லாம் ஒரு நொடியில் அழிந்தது. தரையில் பரவியது சிறு குட்டையளவு நீரே. நாயின் மூளைக்கோ அது நேவா ஆறு. போரினின்று மீண்டவர், கடற்கோளிற் பிழைத்தவர் ஆகியோரிடத்து மருத்துவர் இன்று காணும் நிலையை இதனோடு ஒப்பிடாதிருக்க நம்மால் இயலவில்லை.

எல்லா நாய்களும் அங்ஙனம் ஆகவில்லை என்பதே பாவ்லாவைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது. ஒரே வெள்ளம், ஒரே இரவு. சில நாய்கள் மறுநாளே பழையபடி இருந்தன. பழைய கிரேக்க மருத்துவர், நம் நாட்டு வைத்தியர் வாத பித்த சிலேத்துமம் என்று வகுப்பதுபோல, மனித சுபாவத்தை நான்காக வகுத்தனர்: உற்சாகமுடையது, சினம் மிக்கது, அசைவற்றது, துயர் மிக்கது. பாவ்லாவ் அப்பெயர்களை எடுத்துக்கொண்டு புதுப்பொருள் தந்தார். கிளர்ச்சி, அடக்கம் ஆகிய இரண்டின் வலிமையும், அவற்றின் சமநிலையும், ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறும் விரைவுமே சுபாவத்தை வகுக்கும் என்றார். சினம் மிக்கது முறியும்போது அடக்கத்தை இழந்து கொந்தளிக்கின்றது. துயர் மிக்கது முறியும்போது கிளர்ச்சியை இழந்து ஒடுங்கிக் கிடக்கின்றது. அவ்வாறு ஒடுங்கிக் கிடப்பது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று. தாங்கமாட்டாத மூளை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழி அது என்று அவர் கருதினார். தேர்வு நெருங்குங்கால் ஒரு மாணவர் எரிந்து விழுவதும், அடுத்த அறை மாணவர் போர்வையை இழுத்துக்கொண்டு எழாமலே கிடப்பதும் விடுதியில் இருந்தவர் அறிந்ததே. முன்னவரை அஞ்சுகிறோம், பின்னவரை ஏசுகிறோம்.

1918-ஆம் ஆண்டின் கோடையில் அவர் நகர்ப்புறத்து மனநோய் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று நோயாளரை உற்றுநோக்கினார். அங்கே ஒருவர் இருபதாண்டுக்கு மேலாகப் பிணம்போல் அசைவின்றிக் கிடந்தவர். அறுபது வயதை அணுகும்போது சிறிது சிறிதாக எழுந்து பேசத் தொடங்கினார். அத்தனை ஆண்டும் தம்மைச் சுற்றி நிகழ்ந்தவற்றை அறிந்தே இருந்ததாகவும், உடலில் தாங்கவொண்ணாத பாரம் ஒன்று அழுத்தியதால் அசையவும் பேசவும் கூடவில்லை என்றும் அவர் தெரிவித்தார். அறிவிழந்தவர் என்று அவர் முன்னிலையிலேயே இருபதாண்டாக என்னென்ன பேசியிருப்பர் என்று எண்ணும்போது நமக்கு மெய் கூசுகின்றது. அடக்கம் என்னும் வினை மூளையின் ஒரு பகுதியை மட்டும் கட்டிவிட, மற்றப் பகுதி விழித்திருக்கலாம் என்று பாவ்லாவ் அதற்குப் பொருள் கண்டார்.

முறிந்த நாய்களைக் குணப்படுத்தும் பணியிலே பெட்ரோவா அம்மையார் அவருக்கு உற்ற துணையாயிருந்தார். நீண்ட ஓய்வும், எளிதான பாடத்திற்குத் திரும்புதலும், புரோமைடு என்னும் மருந்தும் அவர்கள் கையாண்ட முறைகள். வலிய நாய்க்கு நலம் செய்த அளவு மெலிந்த நாய்க்கு நஞ்சாயிற்று. மருந்தின் அளவைச் சுபாவத்துக்கேற்ப மிக நுட்பமாகக் குறைத்தபோதே பயன் தந்தது. 1931-ஆம் ஆண்டு முதல் நரம்புநோய், மனநோய் மருத்துவப் பிரிவுகள் அவருக்கென்று அமைக்கப்பட்டன. எண்பது வயதுக்கு மேற்பட்ட அக்கிழவர், மாணவரைப்போலக் குறிப்பேட்டுடன் சென்று, நோயாளர் ஒவ்வொருவரையும் கேட்டறிந்தார். அவர் கூறிய விளக்கங்கள் பல இன்று கைவிடப்பட்டன. மூளை முழுவதும் பரவும் அடக்க அலைகளைப்பற்றி அவர் வரைந்த சித்திரத்தை இன்றைய நரம்பியலார் ஏற்பதில்லை. வினாக்கள் மட்டும் நிலைத்துள்ளன.

அவர் இறந்த 1936-ஆம் ஆண்டிலேயே, கனடாவில் ஹான்ஸ் ஸெல்யே என்னும் இளைஞர், குளிர், காயம், நஞ்சு என எத்துன்பம் நேரினும் உடல் ஒரே வகையாக எதிர்வினை புரிகின்றது என்று ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். மூளையின் அடியிலிருந்து பிட்யூட்டரிச் சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிக்கும் செல்லும் ஆணை நாளடைவில் விளங்கிற்று. அச்சுரப்பி விடுக்கும் கார்ட்டிசால் என்னும் பொருள் சிறிது நேரம் நன்மை செய்யும். ஓயாது பெருகினாலோ நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதை எலிகளிற் கண்டனர்.

பாவ்லாவின் நாய்களுக்கு நேர் வழித்தோன்றலான பரிசோதனை 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே, பென்ஸில்வேனியாச் சர்வகலாசாலையில் ஸெலிக்மன், மேயர் என்னும் இருவரால் நடத்தப்பட்டது. இரு நாய்கள் ஒரே அளவு மின்னதிர்ச்சி பெற்றன. ஒன்று தலையால் ஒரு பலகையை அழுத்தி அதனை நிறுத்தக்கூடும், மற்றொன்று எது செய்தும் நிறுத்தக்கூடாது. பின்னர், தாண்டிக் குதித்தால் தப்பலாம் என்னும் பெட்டியில் அவற்றை விட்டபோது, முதல்வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையிற் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு முனகின. கதியின்மையை அவை கற்றுக்கொண்டன என்று அவ்விருவரும் முடிவு கட்டினர். மனிதரின் மனச்சோர்வுக்கு அதனை ஓர் உருவகமாகவும் கொண்டனர். ஏறக்குறைய ஐம்பதாண்டு கழித்து, 2016-ஆம் ஆண்டில், அதே இருவரும் தம் முடிவு தலைகீழானது என்று எழுதினர். எலிகளின் மூளையை ஆராய்ந்தபோது, நீடித்த துன்பத்தில் மூளைத்தண்டிலுள்ள ஒரு நரம்பணுத் தொகுதி செரட்டோனினைப் பெருக்கி, உயிரைத் தானாகவே ஒடுக்குவது தெரிந்தது. ஒடுங்குதல் கற்றது அன்று, அதுவே இயல்பு. கற்கப்படுவது மற்றொன்று: தன் செயலால் துன்பம் நீங்குகின்றது என்று மூளையின் முற்பகுதி கண்டுகொண்டால், அங்கிருந்து செல்லும் நரம்புகள் அந்த ஒடுக்கத்தைத் தடுத்துவிடுகின்றன. ஒருமுறை கண்டுகொண்ட மூளையைப் பின்வரும் துன்பமும் எளிதில் ஒடுக்குவதில்லை. நாயும் எலியும் மனிதரல்லர் என்பதை நாம் மறக்கவில்லை. மனச்சோர்வு ஒரே காரணத்தால் வருவதும் அன்று. எனினும், நெடுங்காலம் ஏற்ற கொள்கையைத் தாமே திருப்பிப் போட்ட அவ்விருவரையும் நோக்கும்போது, அறைக்குட் சென்று திரும்பிய பாவ்லாவ் நம் நினைவுக்கு வருகின்றார்.

அந்த நாய்களின் துன்பத்தை எண்ணாமல் இவ்வரலாற்றைப் படிப்போர் உளரோ? நமக்கும் படிக்குங்கால் மனம் கலங்கிற்று. பாவ்லாவுக்கும் அவ்வுணர்ச்சி இருந்தது. அவர் விருப்பத்தின்படியே 1935-ஆம் ஆண்டில், பரிசோதனை மருத்துவ நிலையத்தின் தோட்டத்திலே நாய்க்கு ஒரு சிலை எழுப்பப்பட்டது. பட்ட கடன் அதனால் தீருமா என்பது வேறு.

அவருடைய சுபாவமும் குறையற்றதன்று. கடுஞ்சினம் உடையவர், பரிசோதனை தவறினால் துணைவர்மீது பாய்வார், சிறிது நேரத்தில் அதனை மறந்துவிடுவார், அவர்கள் மறந்தார்களா என்று கேட்பதில்லை. 1927-ஆம் ஆண்டில் பித்தக்கல்லுக்காக அறுவை செய்துகொண்டபின் அவர் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெட்டது. அதனை அவர் தம் நரம்பின் முறிவாகவே கொண்டு, நோயாளியும் ஆராய்ச்சியாளரும் தாமேயாக, அதனைப்பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அவர் மறைந்தபின் நேர்ந்ததோ வருந்தத்தக்கது: 1950-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கூட்டப்பட்ட அவை ஒன்றிலே, அவர் பெயரையே ஆயுதமாகக் கொண்டு, அவர் மாணாக்கராகிய ஆர்பெலி உள்ளிட்ட அறிஞர் பலர் பதவியிழக்கச் செய்யப்பட்டனர். ஐயமின்றி எதையும் ஏற்காதவரின் சொற்கள் ஐயுறக்கூடாத வேதமாக்கப்பட்டன.

1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், உலக உடலியலார் மாநாடு அவர் தலைமையில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் கூடிற்று. பல நாட்டறிஞரும் அவரைத் தம் துறையின் தலைமகனென்று போற்றினர். அவ்வாண்டிலேயே மற்றொரு மகன் வ்ஸெவலாட் இறந்தார். அடுத்த குளிர்காலத்தில் பாவ்லாவுக்கு மார்ச்சளி கண்டது.

படுக்கையிற் கிடந்தவர், தமக்கு விருப்பமின்றியே சில எண்ணங்கள் வந்து வந்து தொல்லை செய்வதையும், கைகால்கள் தாமே அசைவதையும் கவனித்தார். மூளையின் மேற்பகுதி ஒழுங்கு குலைகின்றது என்று தாமே நோய்நிலையை உரைத்து, நரம்பு மருத்துவர் ஒருவரை வரவழைக்கச் சொன்னார். வந்தவரோடு அக்குறிகளைப்பற்றி, வேறொருவர் நோயைப்பற்றிப் பேசுவதுபோல், ஆர்வத்தோடு உரையாடினார். தம் கருத்தை அவர் ஒப்புக்கொண்டதும் மனம் அமைந்து உறங்கிப்போனார். மறுநாள் விடியுமுன், 1936-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள், 86-ஆம் வயதில், அவர் உயிர் பிரிந்தது. வால்கோவோ இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.